புளியோதரை கேட்டால்தானே கிடைக்கும்!

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பேரனை அழைத்துக்கொண்டு தேரடி வீதிப் பக்கம் ஒரு ஓட்டலுக்குப் போனேன். "புளியோதரை இருக்காப்பா?" என்றேன். "அதை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு சார், யாரும் கேக்கறதில்ல. ஃப்ரைட் ரைஸ் தரட்டுமா?" என்றார் சர்வர். பேரனுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஃப்ரைட் ரைஸ் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சீனாவில் அது, மிஞ்சிய சோற்றை வீணாக்காமல் முட்டையும் வெங்காயத்தாளும் போட்டுப் புரட்டி எடுக்கிற வீட்டுச் சாப்பாடு. ஆறின சோறுதான் உதிரியாக வரும். ராத்திரிச் சோற்றைக் காலையில் தாளித்துக் கொடுத்த நம் அம்மாக்களுக்கும் தெரிந்த கணக்குத்தான். ஆனால் எந்தத் தெருவுக்குப் போனாலும் அதே நீள அரிசி, அதே சோயா சாஸ் என்றால் எப்படி? அரிசிக்குப் பேர்போன ஆரணி நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது!

புளியோதரைக்கு வேலை அதிகம். தனியா, வெந்தயம், மிளகாய் வறுத்துப் பொடிக்க வேண்டும். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியும்வரை கொதிக்க வேண்டும். சோற்றைப் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஆறவைத்துக் கலக்க வேண்டும். அதனால் 'காலையிலேயே கலந்தது' என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். ஊற ஊறத்தான் ருசி. தயிர் சாதம் நேர்மாறு. நேரமானால் புளித்துவிடும், 12 மணிக்கே கேளுங்கள். சாம்பார் சாதத்தில் அரிசியும் பருப்பும் சேர்ந்து குழைந்திருக்க வேண்டும். வெள்ளைச் சோற்றில் சாம்பாரை ஊற்றிக் கிண்டினால் அது வேறு சாதம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் பிரியாணி கேட்குமுன் "சீரகச் சம்பாவா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆம்பூர் பிரியாணியின் ருசிக்கு அந்தப் பொடி அரிசியும், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதும்தான் காரணம். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வந்தால் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் கிரிவலம் வருகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். இன்று 14 கிலோமீட்டர் நடந்து களைத்து வருகிறவர்கள் ஓட்டலை நம்பித்தான் வருகிறார்கள். அவர்களுக்கு நம் ஊர்ச் சோறு கிடைக்க வேண்டாமா? ஓட்டல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்காததை அவர் எத்தனை நாள் செய்வார்? வீட்டில் உட்கார்ந்து "அந்தக் காலத்தில்" என்று பெருமூச்சு விடுகிற நாம்தான் போய்க் கேட்கவில்லை. சர்க்கரை இருந்தால் ஒரு பிளேட் வாங்கி இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடலாமே.

கிளம்பும்போது கல்லாவில் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். "நாலு பேர் கேட்டா திரும்பவும் போட்டுடலாம் சார்" என்றார்.

நான் ஒருத்தன் ஆயிற்று. இன்னும் மூன்று பேர் வேண்டும்.