விமானச் சீட்டும் விலை உத்தரவாதமும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் காலை வேளையிற் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். கத்தரிக்காய் விற்கும் ஆச்சியிடம் விலை கேட்ட ஒருவர், "கூடவாக இருக்கிறதே!" என்று முகத்தைச் சுளிப்பார். உடனே ஆச்சி, "உதிலை ஆரேன் குறைச்சுத் தந்தால் வந்து சொல்லு மோனை, அந்த விலைக்கே நானும் தாறன்" என்பார். அனுபவமுள்ள இல்லத்தரசி இவ்வார்த்தையைக் கேட்டதும் பையை நீட்டிவிட மாட்டாள். அடுத்த கடைக்குச் சென்று, காயைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, இரண்டும் ஒரே தரத்துக் காய்தானா என்று தெளிந்த பின்னரே திரும்பி வந்து பேசுவாள்.

அந்த ஆச்சியின் வார்த்தையையே இக்காலத்தில் விமானக் கம்பனிகள் சிலவும், சீட்டு விற்கும் இணையத்தளங்கள் சிலவும் கூறுகின்றன. "எம்மிடம் வாங்கிய பின் இதே பயணம் வேறிடத்தில் குறைந்த விலைக்கு இருப்பதைக் காட்டினால், வித்தியாசத்தைத் திருப்பித் தருவோம்" என்பதே அவ்வாக்கு. இதை விலை உத்தரவாதம் என்று நாம் அழைக்கலாம். பிள்ளைகள் பல தேசங்களிலும் வாழ, பெற்றோர் ஆண்டுக்கொரு முறையேனும் கட்டுநாயக்காவில் நின்று கண்ணீருடன் கையசைக்கும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அவர்களுக்கு விமானச் சீட்டு என்பது பல மாதச் சேமிப்பு. எனவே இவ்வுத்தரவாதம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

முதலில், ஒரே விமானத்துக்குப் பல விலைகள் எப்படி வந்தன என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 1945-ஆம் ஆண்டு கியூபாவின் ஹவானா நகரில் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் பல ஆண்டுகளாகச் சர்வதேசக் கட்டணங்களைக் கம்பனிகள் அச்சங்கத்தின் மாநாடுகளிற் கூடிப் பேசித் தீர்மானித்தன. அரசாங்கங்கள் அவற்றை அங்கீகரித்தன. எயர் சிலோன் 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தைத் தொடங்கியதும் அந்தக் காலத்திலேதான். விலையிற் போட்டி அருகியிருந்தபடியால், விலையை ஒப்பிடுவதற்கும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

1978-இல் அமெரிக்கா தன் உள்நாட்டு விமானச் சேவையின் மீதிருந்த கட்டண, வழித்தடக் கட்டுப்பாடுகளை நீக்கச் சட்டம் இயற்றியது. காலப்போக்கிற் பிற நாடுகளும் அவ்வழியே சென்றன. அன்று முதல், ஒரே விமானத்தில், ஒரே வரிசையில், அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்தவர்களாக இருக்கிறார்கள். கம்பனி தன் சாதாரண வகுப்பு ஆசனங்களையே பல கட்டணப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் குறியாக இடுகிறது. ஒரு பிரிவில் திகதியை மாற்றலாம். மற்றொன்றில் மாற்ற முடியாது. ஒன்றிற் பொதி உண்டு; மற்றொன்றிற் கைப்பை மாத்திரமே. மலிந்த பிரிவு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த விலை தலைகாட்டுகிறது. விலை உத்தரவாதத்தின் இரகசியம் முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

இதை நாம் நூலிற் படித்து அறியவில்லை, பட்டே அறிந்தோம்.

சென்ற ஆண்டு, ரொறன்ரோவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக எமது தமக்கையார் புறப்பட வேண்டியிருந்தது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தை எம்மிடம் தந்து, "தம்பி, பார்த்து வாங்கு" என்றார். விலை உத்தரவாதம் தருவதாகக் கூறிய ஒரு விமானக் கம்பனியின் தளத்திலே ஒரு சனிக்கிழமை காலை நாம் சீட்டை வாங்கினோம். அன்று மாலையே மருமகன் கைத்தொலைபேசியுடன் ஓடி வந்தான். "மாமா, வேறொரு தளத்தில் 42,000 ரூபாய் குறைவு!" என்றான். இருபத்துநான்கு மணித்தியாலம் முடியவில்லை. உத்தரவாதமோ கையில் இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது: நிராகரிப்பு. எமக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆயினும் காட்டப்பட்ட காரணங்களைப் படித்தபோது கோபம் வெட்கமாக மாறியது. நாம் காட்டிய சீட்டில் இரண்டாவது விமானம் வேறு. புறப்படும் நேரம் மூன்று மணித்தியாலம் பிந்தியது. நாம் வாங்கியதில் 23 கிலோ வீதம் இரண்டு பொதிகள் உண்டு. மலிவுச் சீட்டில் ஒரு பொதியும் இல்லை. மேலும் அந்த விலை வேற்று நாணயத்திற் காட்டப்பட்டது. அத்தளம் தன் சேவைக் கட்டணத்தை இறுதிப் பக்கத்திலேதான் சேர்த்தது. கம்பனி பொய் சொல்லவில்லை. நாம்தான் கத்தரிக்காயைக் காட்டிப் பூசணிக்காய்க்கு விலை பேசியிருந்தோம்.

தமக்கையாரிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "பொதி இல்லாத சீட்டெண்டால், பிள்ளைப்பெத்தவளுக்கு இடிச்ச சரக்குத்தூளையும் ஒடியல் மாவையும் நான் மடியிலையோ கட்டிக்கொண்டு போறது?" என்றார். அவர் பயணத்தின் பாதி அந்தப் பெட்டிகளிலே இருந்தது. அந்த 42,000 ரூபாயை மிச்சப்படுத்தியிருந்தால், அப்பாதியை இங்கேயே விட்டுச் சென்றிருப்பார். அல்லது விமான நிலையத்திற் பொதிக்கு வேறாகப் பணம் கட்டியிருப்பார்.

ஆகவே, உத்தரவாதத்தை நம்பி வாங்க நினைப்போர் பணம் செலுத்து முன்னரே அதன் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும். அவை கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஆயினும் பெரும்பாலும் பின்வருமாறு அமைந்திருக்கும்.

முதலாவது, பயணம் எள்ளளவும் மாறாதிருத்தல் வேண்டும். விமான எண், திகதி, வகுப்பு, கட்டணப் பிரிவு, பொதி, மாற்றுதற்கும் இரத்துச் செய்வதற்கும் உரிய விதி ஆகிய அனைத்தும் ஒன்றாயிருக்க வேண்டும்.

இரண்டாவது, இறுதி விலையையே ஒப்பிட வேண்டும். வரிகளும் சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகை, அதே நாணயத்திற் காட்டப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியொன்றின் மூலம், தவிர்க்க முடியாத வரிகளும் கட்டணங்களும் அடங்கிய முழு விலையையே எப்பொழுதும் காட்ட வேண்டுமென்று விதித்தது. எல்லாத் தேசத்துத் தளங்களும் அவ்வாறு ஒழுகுவதில்லை. எனவே பணம் செலுத்தும் கடைசிப் பக்கம் வரை சென்றே விலையைக் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, அந்த விலை எவரும் வாங்கக்கூடிய பகிரங்க விலையாக இருத்தல் வேண்டும். அங்கத்தினருக்கான விலை, மாணவர் சலுகை, கூட்டுப் பயண விலை, விடுதியுடன் சேர்த்து விற்கும் விலை என்பன பொதுவாக ஏற்கப்படுவதில்லை. கம்பனியின் அலுவலர் சோதித்துப் பார்க்கும் வேளையிலும் அவ்விலை இருந்தாக வேண்டும் என்பது வழக்கமான மற்றொரு நிபந்தனை. விலையோ மணிக்கொரு தடவை மாறக்கூடியது. ஆதலால் "நாளை பார்ப்போம்" என்றிருப்பவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நான்காவது, எங்கே வாங்கினோம் என்பதும் முக்கியம். கம்பனியின் தளத்துக்குரிய உத்தரவாதம், பிரயாண முகவர் மூலம் வாங்கிய சீட்டைப் பெரும்பாலும் காப்பதில்லை.

ஐந்தாவது, திருப்பித் தருவது பணமா, அன்றி அடுத்த பயணத்துக்கு மாத்திரம் பயன்படும் வவுச்சரா என்று பார்க்க வேண்டும். வவுச்சராயின் அதன் காலவரையறையையும், பிறர் பெயருக்கு மாற்றலாமா என்பதையும் அறிய வேண்டும். மறுபடியும் பறக்க எண்ணமில்லாத முதியவருக்கு, ஓராண்டில் இறந்துபோகும் வவுச்சரால் என்ன பயன்?

இன்னொரு மயக்கத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். இன்று பிறரிடம் விலை குறைந்திருப்பது வேறு. நாம் வாங்கிய கம்பனியே அடுத்த வாரம் விலையைக் குறைப்பது வேறு. மேற்கூறிய உத்தரவாதம் முன்னதற்கு உரியது. பின்னதற்கும் ஈடு செய்ய முயன்றவர்கள் உண்டு. 2023 ஏப்ரலில் கூகுள் நிறுவனம், அமெரிக்காவிலிருந்து புறப்படும் தெரிந்தெடுத்த சில பயணங்களுக்கு, விமானம் கிளம்பும் வரை விலையைக் கவனித்து, குறைந்தால் வித்தியாசத்தைத் தருவதாக ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தை அறிவித்தது. அடையாளமிட்ட பயணங்களுக்கு மாத்திரமே அது உரியதாயிற்று. பொதுவாக, வாங்கிய பின் விழும் விலைக்கு எவரும் பொறுப்பில்லை என்று எண்ணிக்கொள்வதே பத்திரம்.

உத்தரவாதத்தை விட உறுதியான பாதுகாப்பைச் சில இடங்களிற் சட்டமே தருகிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 2011-இல் வெளியிட்ட விதிகள், அந்நாட்டுக்கு வருவதும் அங்கிருந்து புறப்படுவதுமான சேவைகளைப் பற்றியவை. அவற்றின்படி, பயணத்துக்கு ஏழு நாட்களோ அதற்கு மேலோ இருக்கையில் விமானக் கம்பனியிடமே நேரிற் பதிவு செய்தவர், 24 மணித்தியாலத்துள் தண்டப்பணமின்றி இரத்துச் செய்யலாம். அல்லது கம்பனி, பணம் பெறாமலே அவ்விலையை 24 மணித்தியாலம் ஒதுக்கி வைக்க வேண்டும். அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்குச் சீட்டு வாங்கும்போது இது கைகொடுக்கும். மலிந்த விலை தென்பட்டால், வாதாடாமல் இரத்துச் செய்து புதிதாக வாங்கிவிடலாம். கனடா செல்லும் சீட்டுக்கு இவ்விதி உதவாது.

இனி, மலிவைத் தேடுவோர் கவனிக்க வேண்டிய ஆபத்தொன்றுண்டு. சில தளங்கள் இரு வேறு கம்பனிகளின் தனித்தனிச் சீட்டுகளை ஒட்டி ஒரே பயணம் போலக் காட்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கம்பனி காத்திராது, பணமும் தராது. அத்துடன் பொதியை இடையிற் பெற்று மீண்டும் ஒப்படைக்க நேர்ந்தால், அந்நாட்டின் குடிவரவைக் கடந்து வெளியே வர வேண்டும்; அதற்கு விசா வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிலோ, விமான நிலையத்தினுள்ளே நின்று வேறு விமானம் ஏறுவதற்கே இடைத்தங்கல் விசா பெற வேண்டிய நாட்டினரின் பட்டியலொன்று உண்டு. 2009-ஆம் ஆண்டின் விசாச் சட்டக்கோவையிலுள்ள அப்பட்டியலில் இலங்கையும் இடம்பெற்றிருக்கிறது. குறிப்பிட்ட சில நாடுகளின் விசாவோ வதிவிட அனுமதியோ உடையவர்க்கு மாத்திரம் விலக்குண்டு. இதை அறியாமல் மலிவுச் சீட்டுடன் கட்டுநாயக்காவுக்குச் செல்லும் மாணவன், விமானத்தில் ஏற்றப்படாமலே திரும்ப நேரிடும்.

இவ்வளவுக்குப் பின், "விலை உத்தரவாதத்தால் விலை குறைகிறதா?" என்று வாசகர் வினவலாம். 1986-இல் ஸ்டீவன் சாலொப் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு கட்டுரையில் வியப்பான கருத்தொன்றை விளக்கினார். எல்லாக் கடைக்காரரும் "பிறர் குறைத்தால் நாமும் குறைப்போம்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், முதலிற் குறைப்பவனுக்குப் புதிய வாடிக்கையாளர் கிடையார்; ஆதலின் ஒருவரும் குறைக்க முன்வரமாட்டார் என்பதே அது. வாங்குவோனைக் காக்கும் வேலி போலத் தோன்றுவது, சில வேளைகளில் விற்போனின் விலையைக் காக்கும் வேலியாகவும் ஆகலாம். எனவே உத்தரவாதம் இருக்கிறதே என்று ஒப்பிடாமல் வாங்குவது தவறு. முதலில் ஒப்பிட வேண்டும். உத்தரவாதத்தைக் கடைசித் துணையாகவே கொள்ள வேண்டும்.

இவ்வாண்டு மருமகன் மேற்படிப்புக்காக இங்கிலாந்து புறப்பட்டபோது, நாம் கற்ற பாடத்தை அவன் மறக்கவில்லை. நான்கு தளங்களின் இறுதி விலைகளை ஒரு கொப்பியில் எழுதினான்; பொதியும் விதிகளும் பக்கத்திலே குறித்தான். ஒட்டுச் சீட்டுகளை ஒதுக்கினான். கம்பனியின் தளத்தில் வாங்கிய பின், அதே விமானம், அதே பிரிவு, அதே பொதியுடன் வேறொரு தளத்தில் 11,000 ரூபாய் குறைவாக இருப்பதைக் கண்டான். திகதியும் நேரமும் தெரியும்படி அப்பக்கத்தைப் படமெடுத்து, ஒரு மணித்தியாலத்துள் விண்ணப்பித்தான். ஐந்தாம் நாள் வித்தியாசம் வவுச்சராக வந்து சேர்ந்தது.

அவ்வவுச்சர் ஓராண்டுக்குச் செல்லும். அவன் பெயரில் மாத்திரமே செல்லும். அடுத்த விடுமுறைக்கு வீடு வருவதற்கென்று அதை வைத்திருப்பதாக அவன் எழுதியிருக்கிறான். தமக்கையார் அதன் முடிவுத் திகதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியிற் சிவப்பு மையினால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.