உலர்த்தும் முறையில் தங்கியுள்ள வருமானம்

குறிகட்டுவான் இறங்குதுறையால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் நாள்தோறும் மக்கள் போய்வருகின்றனர். திருவிழாக் காலத்தில் இத்தொகை பன்மடங்காகும். உலர்ந்த துளசியையும் திருநீற்றுப்பச்சையையும் இங்கே சிறு பொதிகளாக விற்க எமது குடும்பங்களால் முடியும் என்பது எமது கருத்து.

1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து, பின்னர் ஊர் திரும்பியோர் பலர். இன்னும் வேறிடங்களில் ஒரு துண்டு வளவோடு வாழ்வோரும் உளர். பெரிய தோட்டம் செய்ய நல்ல நீரும் முதலும் இல்லாதோருக்கு வேலியோரத் துளசியும் ஒரு பயிரே. ஆனால் அதை வெயிலில் பரப்பிவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் நட்டம் தொடங்குகிறது.

வாங்குபவர் இலைக்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை, மணத்துக்காகவே கொடுக்கிறார். அம்மணம் இலையிலுள்ள எண்ணெயின் மணம். துளசி இலையின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளில் அந்த எண்ணெய் இருக்கிறது. கடும் வெயிலில் இலை சூடேற, நீருடன் எண்ணெயும் ஆவியாகிறது. இலேசான மணப்பொருட்கள் முதலில் போய்விடும். கராம்பு மணம் தரும் இயூஜினோல் போன்ற கனமானவை சற்றுத் தாமதித்தே போகும். ஆகவே மணம் குறைவதோடு மாறியும் விடுகிறது. இலையின் பச்சை நிறமும் மங்கிவிடும். வெட்டிவேரின் எண்ணெய் மிகவும் கனமானது. அதனாலேயே அது நெடுங்காலம் மணக்கிறது. வேருக்குப் பொருந்துவது இலைக்குப் பொருந்தாது.

எண்ணெய் வடிக்கும் கலம் வாங்கினால் என்ன என்று சிலர் கேட்கலாம். 100 கிலோ பச்சைத் துளசியில் கிடைப்பது சில நூறு கிராம் எண்ணெயே. அதற்கு விறகும், ஆவியைக் குளிர்விக்க நிறைய நீரும் வேண்டும். இரண்டும் தீவில் அருமை. உலர்த்துவதற்கோ நிழலும் காற்றும் போதும். சோளகக் காற்று இலவசமாக வீசுகிறது. தெற்கில் கறுவாப்பட்டையையும் கூரையின் கீழ் கயிறுகளில் அடுக்கி நிழலிலேயே உலர்த்துகின்றனர்.

எனவே நாம் செய்யக்கூடியவை இவை. பனி உலர்ந்தபின் காலையில், பூக்கத் தொடங்கும் பருவத்தில் வெட்டுங்கள். பனையோலைக் கொட்டிலில் தட்டி கட்டி, அதன்மேல் மெல்லியதாகப் பரப்புங்கள். இலையை நொறுக்கவோ வெட்டவோ வேண்டாம். எண்ணெய்ப் பைகள் உடையும். கையில் பிடித்தால் சருகுபோல நொறுங்கும் பதம் வந்ததும் இறுக மூடும் தகரத்தில் இட்டு வெளிச்சம் படாமல் வையுங்கள். மெல்லிய பொலித்தீன் பையில் மணம் கசிந்துவிடும். கற்பூரவள்ளியின் தடித்த இலையில் பெரும்பகுதி நீர். நிழலில் மெதுவாகக் காயும்போது பூஞ்சணம் பிடிக்கலாம். அதைப் பச்சையாக விற்பதே நல்லது. மாரி மழைக்காலத்தில் எதையும் உலர்த்தாதிருப்பது உத்தமம்.

10 கிலோ பச்சைத் துளசி ஏறத்தாழ 2 கிலோவாகச் சுருங்கிவிடும். எடை குறைவதைத் தடுக்க முடியாது, மணத்தையாவது காப்பாற்றலாம். உதவி நிறுவனங்களிடம் இயந்திரம் கேட்பதற்குமுன், நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவாக ஓர் உலர்த்தும் கொட்டிலையும் சில தகரங்களையும் கேட்போம். சிறிய கோரிக்கைதான், ஆனால் எமது கையில் நிற்கக்கூடிய கோரிக்கை.