வட்டியில்லா வங்கி

மதுக்கரையில் சிமெண்டு வியாபாரம் செய்யும் முஸ்லிம் சகோதரர் ஒருவருக்கு முதல் தேவைப்படுகிறதென்று வைத்துக்கொள்வோம். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் அவருடைய மார்க்கத்தில் விலக்கப்பட்டவை. அவருக்காக வங்கியே சரக்கை வாங்கி, லாபத்தை வெளிப்படையாகச் சொல்லித் தவணையில் விற்கலாம். அல்லது கூட்டாளியாகி, லாப நஷ்டம் இரண்டிலும் பங்கு கொள்ளலாம். முன்னது பெயர் மாறிய வட்டியே என்பாரும் உளர்; நமக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. பின்னதோ, கந்துவட்டியில் நொந்த கொங்கு நாட்டார் எம்மதத்தினராயினும் விரும்பத்தக்கது.

2008-ல் ரகுராம் ராஜன் கமிட்டி வட்டியில்லா வங்கி முறைக்குச் சிபார்சு செய்தது. 2017-ல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. வங்கி வசதி எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதாம்! மனச்சாட்சி நுழையவிடாத கதவு திறந்திருந்தாலென்ன, மூடியிருந்தாலென்ன? மெய்யான தடை 1949-ம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டமாகும். வங்கிகள் சரக்கு வாங்கி விற்கலாகாதென்கிறது அதன் 8-வது பிரிவு. இலங்கை 2005-ல் தன் சட்டத்தைத் திருத்திற்று. 2011-ல் அங்கே அமானா வங்கி தொடங்கியது. நமது பார்லிமெண்டும் சட்டத்தைத் திருத்தி, முதலில் கோயமுத்தூர் ஜில்லாவிலேனும் இதைப் பரீட்சித்துப் பார்க்கட்டும். வரவு செலவு விவரத்தை வருஷந்தோறும் பகிரங்கமாகப் பிரசுரிக்கட்டும்.