பூட்டாத கல்வி

தாம் கண்ட கலையைப் பூட்டி வைப்பாரும் உளர். உலகுக்கு வழங்குவாரும் உளர். 1993ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோசப் டெய்லர் பின்னவர். அமெச்சூர் வானொலியில் ஈடுபாடு மிக்க அவர், இரைச்சலில் அமிழ்ந்த மெல்லிய குறிப்பலையையும் பிரித்தறியும் மென்பொருளை 2001இல் வெளியிட்டார். 2005இல் அதன் மூலநிரலையும் யாவர்க்கும் திறந்து வைத்தார்.

உழைப்பை விலையின்றி ஈதல் தகுமோ என வினவுவர் சிலர். ஈந்ததனால் அது தேயவில்லை. பலர் கைபட்டு வளர்ந்தது. அதன் வழிவந்த டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகை இயங்குதளங்களிலும் நிறுவப்படுகின்றது. நிறுவும் முறை வேறு. பேசும் மொழி ஒன்றே. விலையில்லா லினக்ஸ் இயங்கும் பழைய கணிப்பொறியை உடைய மாணவனும், வானொலி உரிமம் பெற்றபின், செல்வர் மகனோடு சமமாக உரையாடலாம். வறுமை கல்வியின் வாயிலை அடைத்தலாகாது. திறந்த மென்பொருள் அவ்வாயிலைத் திறக்கின்றது.