தேடாமல் விட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரை படிங்க. ஒரு அரசாங்கம் தனக்குப் பிடிக்காத உண்மையை எப்படிக் கையாளும்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு இறைச்சி நிறுவனம் அரசிடம் போய், "எங்க மாடு அத்தனையையும் எங்க சொந்தச் செலவுல நோய்ச் சோதனை செய்யறோம், அனுமதி கொடுங்க" என்று கேட்டது. அரசு "கூடாது" என்றது. நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. அரசு அங்கேயும் வந்து "செய்ய விடாதீங்க" என்று வாதாடி, கடைசியில் ஜெயித்தும் விட்டது.

நடந்த இடம் அமெரிக்கா. சோதனை, மேட் கவ் நோய்க்கான சோதனை.

முதலில் நோயைப் பற்றி. இதற்குக் காரணம் வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பிரியான் என்ற, வடிவம் கெட்டுப்போன புரதம். அது மூளைக்குள் போய் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே கெடுக்கும். மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். வேகவைத்தாலும் பிரியான் அழியாது. மருந்தும் கிடையாது. மாட்டின் உடம்புக்குள் நோய் போனபிறகு அறிகுறி தெரிய சராசரியாக 4, 5 வருஷம் ஆகும். உயிரோடு இருக்கும் மாட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. இறந்தபிறகு மூளைத் திசுவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

1986-ல் பிரிட்டனில்தான் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. செத்த மாட்டின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துத் தூளாக்கி, அதை மறுபடி மாட்டுக்கே தீவனமாகப் போட்டார்கள். புல் தின்னும் பிராணிக்கு அதன் இனத்தையே தின்னக் கொடுத்தார்கள். லாபக் கணக்கு அப்படி. நோய் நாடு முழுக்கப் பரவியது.

அப்போது அந்த அரசு என்ன செய்தது தெரியுமா? 1990-ல் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், கேமராக்கள் முன்னால் தன் 4 வயது மகளுக்கு பர்கர் ஊட்டப் பார்த்தார். "பாருங்க, எந்த ஆபத்தும் இல்ல" என்று காட்டத்தான் இந்தக் காட்சி. ஆறு வருஷம் கழித்து, 1996 மார்ச் 20 அன்று, அதே கட்சி அரசின் சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, மனிதர்களுக்கு வரும் புதுவகை மூளை நோய்க்கும் இந்த மாடுகளுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். பிரிட்டனில் மட்டும் 178 பேர் அந்த நோயில் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். நோய் உறுதியான மாடுகள் 1,80,000-க்கும் மேல். முன்னெச்சரிக்கையாகக் கொன்று அழித்தவை 40 லட்சத்துக்கும் மேல்.

மக்கள் பீதியடையக் கூடாது என்பதிலேயே அரசு குறியாக இருந்தது, அதனால்தான் உண்மை வெளிவந்தபோது மக்களின் நம்பிக்கையே உடைந்துபோனது என்று 2000-ல் வந்த பிலிப்ஸ் விசாரணை அறிக்கை சொன்னது.

இவ்வளவையும் பார்த்த அமெரிக்கா பாடம் கற்றதா? அங்கேதான் கதை ஆரம்பிக்குது.

2003-ல் அமெரிக்காவில் ஒரு வருஷத்துக்கு வெட்டப்பட்ட மாடுகள் 3 கோடிக்கும் மேல். அதில் மேட் கவ் சோதனை செய்தது சுமார் 20,000. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அதே காலத்தில் ஜப்பான், 2001-ல் தன் நாட்டில் முதல் மாடு சிக்கியதுமே, வெட்டும் ஒவ்வொரு மாட்டையும் சோதிக்க ஆரம்பித்துவிட்டது. ஐரோப்பிய நாடுகள் 30 மாதத்துக்கு மேற்பட்ட மாடுகள் எல்லாவற்றையும் சோதித்தன.

2003 டிசம்பர் 9. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கறவை மாடு வெட்டப்பட்டது. மூளை மாதிரி ஆய்வகத்துக்குப் போனது. கறி சந்தைக்குப் போனது. "பாசிட்டிவ்" என்று அரசு அறிவித்தது டிசம்பர் 23-ல். முடிவு வருவதற்குள் கறி கடைகளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பிறகு சுமார் 10,000 பவுண்டு இறைச்சியைத் திரும்பப் பெறும் உத்தரவு! ஹால் டிக்கெட் வரும் முன்னாடியே பரீட்சை முடிஞ்சு போன கதை.

இன்னொரு விஷயம். அந்த மாடு எழுந்து நிற்க முடியாத மாடு, அதனால்தான் சோதனையில் சிக்கியது என்றது அரசு. அதை வெட்டிய தொழிலாளியோ, அது நடந்துதான் வந்தது என்றார். அவர் சொன்னது சரி என்றால், நடக்க முடியாத மாடுகளை முக்கியமாகக் குறிவைத்த அந்தச் சோதனைத் திட்டத்தில் இது மாட்டியது வெறும் அதிர்ஷ்டம்.

இதற்குப் பிறகாவது விழித்தார்களா? 2004 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலம் சான் ஏஞ்சலோவில், நரம்புக் கோளாறு அறிகுறியோடு ஒரு மாடு வந்தது. கட்டாயம் சோதிக்க வேண்டிய மாடு அது. சோதிக்கவில்லை. உடலை கழிவு காய்ச்சும் ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். விதிப்படி நடக்கவில்லை என்று துறையே பிறகு ஒப்புக்கொண்டது.

அடுத்தது இன்னும் மோசம். 2004 நவம்பரில் டெக்சாஸைச் சேர்ந்த வேறொரு மாட்டின் மாதிரி, விரைவுச் சோதனையில் சந்தேகத்துக்குரியதாக வந்தது. அடுத்த கட்டச் சோதனையில் "நெகட்டிவ்" என்று அறிவித்து ஃபைலை மூடினார்கள். ஏழு மாசம் அது அப்படியே கிடந்தது. 2005 ஜூனில், வேளாண்மைத் துறையையே தணிக்கை செய்யும் தலைமை அதிகாரி ஃபிலிஸ் ஃபாங், வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் மறுபடி பாருங்கள் என்று உத்தரவிட்டார். பாசிட்டிவ்! இங்கிலாந்தின் வேபிரிட்ஜ் ஆய்வகமும் அதை உறுதி செய்தது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த மாட்டில் கண்டுபிடித்த முதல் நோய் அதுதான். அந்த மாட்டின் கறி மனிதர்களின் உணவுக்குள் போகவில்லை, நல்லவேளை. ஆனால் ஒரு அதிகாரி கேள்வி கேட்காமல் போயிருந்தால், அந்த "நெகட்டிவ்" இன்றைக்கும் நெகட்டிவாகவே இருந்திருக்கும்.

இப்போ முதலில் சொன்ன நிறுவனத்துக்கு வருவோம்.

கான்சாஸ் மாநிலத்தின் கிரீக்ஸ்டோன் ஃபார்ம்ஸ். 2003 டிசம்பர் அறிவிப்பு வந்ததுமே ஜப்பான் அமெரிக்க மாட்டிறைச்சிக்குத் தடை போட்டது. கிரீக்ஸ்டோனுக்குப் பெரிய அடி. வாங்குபவன் சோதனை கேட்கிறான், நாம் செய்து கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். ஆய்வகம் கட்டினார்கள். ஒரு மாட்டுக்குச் செலவு சுமார் 20 டாலர். கறியின் எடையில் பிரித்துப் பார்த்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 10 சென்ட்.

2004-ல் வேளாண்மைத் துறை அனுமதி மறுத்தது. எந்தச் சட்டத்தைக் காட்டி? 1913-ல் போட்ட சட்டம். கால்நடைகளுக்குப் போலி மருந்து விற்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. அரசு தானே பயன்படுத்தும் சோதனையை ஒரு நிறுவனம் தன் மாட்டுக்குச் செய்யக் கூடாது என்று சொல்ல அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். 2007-ல் மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அரசு மேல்முறையீடு போனது. 2008 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் அரசு பக்கம். முடிந்தது கதை.

அரசு சொன்ன வாதத்தையும் நேர்மையா பார்ப்போம். நம்ம பக்கத்துல அரைகுறைத் தகவல் போடக் கூடாது. அமெரிக்காவில் வெட்டப்படும் மாடுகளில் பெரும்பகுதி இளம் மாடுகள். நோய் முற்றும் கட்டத்தில்தான் சோதனையில் தெரியும் என்பதால், இளம் மாட்டில் "நெகட்டிவ்" வந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. "சோதிக்கப்பட்டது" என்ற முத்திரை மக்களுக்குப் போலியான நிம்மதியைத் தரும். இதில் அறிவியல் ரீதியாக உண்மை இருக்கிறது. மக்களைக் காப்பாற்றும் முதல் அரண், மாட்டு எலும்புத் தூளை மாட்டுத் தீவனத்தில் தடை செய்வதும், மூளை, தண்டுவடம் போன்ற ஆபத்தான பாகங்களை உணவிலிருந்து நீக்குவதும்தான். அமெரிக்கா முதலாவதை 1997-ல் செய்தது. இரண்டாவதை 2004-ல்தான் செய்தது, அதுவும் மாடு சிக்கியபிறகு.

சரி, அப்படியே வச்சுக்குவோம். போலி நிம்மதிதான் கவலை என்றால், "இந்தச் சோதனைக்கு இவ்வளவுதான் அர்த்தம்" என்று பாக்கெட்டில் அச்சடிக்கச் சொல்லியிருக்கலாமே? சோதனையையே ஏன் தடுக்கணும்? ஒருத்தன் செய்ய ஆரம்பித்தால் வாடிக்கையாளர்கள் எல்லாரிடமும் கேட்பார்கள், எல்லாருக்கும் செலவு ஏறும், எங்கேயாவது ஒரு பாசிட்டிவ் வந்தால் மொத்தச் சந்தையும் ஆடும். பெரிய இறைச்சி நிறுவனங்கள் எதிர்த்தது இதனால்தான். அமெரிக்க வேளாண்மைத் துறைக்கு இரண்டு வேலை. விளைபொருளுக்குச் சந்தை பிடித்துக் கொடுப்பதும் அதுதான், அந்த மாட்டில் நோய் இருக்கா என்று பார்ப்பதும் அதுதான். சேல்ஸ் டீமும் டெஸ்டிங் டீமும் ஒரே மேனேஜர் கீழே இருந்தா பக் ரிப்போர்ட் என்ன ஆகும்? ஐடியில வேலை பார்க்கிற தோழர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

முக்கியமான கணக்கு ஒன்று இருக்கு. உலகம் முழுக்க நெருக்கடி கொடுத்ததால், 2004 ஜூனிலிருந்து இரண்டு வருஷத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை அமெரிக்கா சோதித்தது. கிடைத்தது 2. அந்த டெக்சாஸ் மாடும், 2006-ல் அலபாமாவில் ஒன்றும். அதாவது நோய் அங்கே உண்மையிலேயே மிக அரிது. நல்ல செய்தி. அதை நம்மால் நம்ப முடிவது எதனால்? 7 லட்சம் மாடுகளைத் தேடிப் பார்த்ததால்!

அந்த நம்பிக்கையைச் சம்பாதித்ததும் என்ன செய்தார்கள்? 2006-லேயே சோதனையை வருஷத்துக்கு சுமார் 40,000-ஆகக் குறைத்தார்கள். 2016 வாக்கில் அதுவும் குறைந்து 25,000. ஆனால் மாடுகள் சிக்காமல் இல்லை. 2012 கலிபோர்னியா, 2017 அலபாமா, 2018 ஃபுளோரிடா, 2023 தென் கரோலினா. இந்த நான்கும் தீவனத்தால் வராமல், வயதான மாடுகளில் தானாகத் தோன்றும் வகை. அப்படியென்றால் தீவனத் தடையோடு வேலை முடிந்தது என்று கண்காணிப்பைக் கைவிட முடியாது.

மக்கள் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்கும் ஆட்சியாளர்களுக்கு தென்கொரியா ஒரு பாடம். 2008-ல் அதிபர் லீ மியுங் பாக் அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதியை அவசர அவசரமாகத் திறந்துவிட்டார். சியோல் வீதிகளில் மெழுகுவர்த்தியோடு மக்கள் கூடினார்கள். பள்ளி மாணவிகள் முதல் குழந்தையோடு வந்த தாய்மார்கள் வரை. அதிபர் மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்தப் போராட்டத்தில் மிகைப்படுத்தப்பட்ட வதந்திகளும் கலந்திருந்தன. உண்மை. ஆனால் வதந்தி எங்கே வளரும்? அரசு வெளிப்படையாகப் பேசாத இடத்தில்தானே?

நமக்கும் இது புதுசு இல்ல. கொரோனா காலத்தை நினைச்சுப் பாருங்க. 2020 ஜூனில் அன்றைய அமெரிக்க அதிபர் டிரம்ப், அதிகம் சோதித்தால் அதிகம் கேஸ் வரும், அதனால் சோதனையைக் குறைக்கச் சொன்னேன் என்று மேடையிலேயே பேசினார். மாட்டு விஷயத்தில் பல வருஷமா ஓடின அதே லாஜிக்.

ஒன்று தெளிவாச் சொல்லிடறோம். இந்தப் பதிவை எடுத்துக்கிட்டுப் போய் "அதான் மாட்டுக்கறி சாப்பிடாதே" என்று யாராவது கம்பு சுத்தினால் ஏமாறாதீங்க. யார் தட்டில் என்ன இருக்கணும் என்பது இங்கே பேச்சே இல்லை. தட்டில் இருப்பது பாதுகாப்பானதா என்று தெரிஞ்சுக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்பதுதான் பேச்சு.

இனி எந்த அரசு, எந்த விஷயத்தில் "பாதிப்பு எதுவும் இல்லை" என்று சொன்னாலும் நான்கு கேள்வி கேளுங்க தோழர்களே:

👉 எத்தனை சோதித்தீர்கள்?
👉 எதைச் சோதிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது?
👉 முடிவு வரும்வரை பொருள் எங்கே இருந்தது?
👉 மறு ஆய்வு செய்ய உங்களைச் சாராத ஆள் யாராவது இருக்கிறார்களா?

இந்த நான்குக்கும் பதில் வந்தால் நம்புவோம். வராவிட்டால், "நோய் இல்லை" என்பதை "இன்னும் தேடவில்லை" என்றே படிப்போம்.

படித்தவர்கள் பகிருங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் தரவோடு வாங்க, பேசுவோம்.

— தகவல் தொழில்நுட்ப அணி

#சோதித்துச்_சொல் #உணவுப்_பாதுகாப்பு_மக்கள்_உரிமை