வசை அல்ல, வெறுமையே குறை

2016 நவம்பரில் வெளியான ‘பேட் சான்டா 2’ படத்தை விமர்சகர்களில் பெரும்பாலோர் நிராகரித்தனர். கிறிஸ்துமஸ் தாத்தா குடித்துவிட்டு வசைபாடுவதை அவர்களது ஒழுக்கவாதம் பொறுக்கவில்லை என்ற வாதம் படத்துக்கு ஆதரவாக வைக்கப்படுகிறது. அது தவறு. 2003இல் டெர்ரி ஸ்விகாஃப் இயக்கிய முதல் படத்திலும் குடி, வசை, காமம் எதற்கும் பஞ்சமில்லை. ஆனாலும் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் உள்ளிட்ட பலர் அதைப் பாராட்டினர். பில்லி பாப் தார்ன்டன் கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

முதல் படத்தில் தார்ன்டன் நடித்த வில்லி, சான்டா வேடமிட்டுப் பெரிய கடைகளின் பெட்டகங்களை உடைப்பவன். அவன் வாயில் வரும் ஒவ்வொரு வசையும் தன்மீதே கொண்ட வெறுப்பின் வெளிப்பாடு. எவ்வளவு விரட்டினாலும் அவனை நம்பும் சிறுவன் தர்மனுக்கு முன்னால் அந்த வெறுப்பு மெல்லத் தளர்கிறது. அந்தச் சிறுவனுக்குப் பரிசு கொண்டுபோகும் வழியில்தான் போலீஸ் குண்டு வில்லியின்மீது பாய்கிறது. இந்த வலியே அங்கே சிரிப்பைத் தாங்கி நிற்கிறது.

மார்க் வாட்டர்ஸ் இயக்கிய இரண்டாம் பாகம் வில்லியைப் பழைய நிலைக்கே தள்ளிவிட்டு, வளர்ந்த தர்மனை வெறும் கேலிப்பொருளாக்குகிறது. வில்லியின் தாய் சன்னியாகக் கேத்தி பேட்ஸை நடிக்கவைத்தது அருமையான யோசனை. மகனைச் சிதைத்த குழந்தைப்பருவம் கண்முன் வந்து நிற்கிறது. திரைக்கதையோ அவரை இன்னொரு வசைவாயாக மட்டுமே பயன்படுத்துகிறது. படத்தின் பெரிய இழப்பு இதுதான்.

ரசிகர்களும் விமர்சகர்களோடு முரண்படவில்லை. முதல் படம் 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இரண்டாவது தயாரிப்புச் செலவைக்கூட எட்டவில்லை.