படகுக்கு ஒரு குட்டிக் கணினி!



ராஸ்பெர்ரி பை தெரியுமா? மாணவர்கள் புரோகிராமிங் கத்துக்கணும்னு 2012-ல் பிரிட்டனில் வெளிவந்த, ஏ.டி.எம். கார்டு அளவுக் கணினி. அதில் ‘ஓப்பன்சிபிஎன்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஜிபிஎஸ் கருவியைச் செருகினால், கடல் வரைபடத்தில் படகு நிற்கும் இடம் தெரியும். பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தப்படியான எல்லைக்கோட்டையும் வரைந்து வைக்கலாம். ராத்திரியில தண்ணி மேல கோடா தெரியும்? தெரியாமல் தாண்டிப் பிடிபட்டவர்கள் எத்தனை பேர்!

கடையில் ரெடிமேடாவே கிடைக்குமே என்பீர்கள். ஆனா இதை நாமே பிரிச்சு, புரிஞ்சு, ரிப்பேர் பண்ணலாம். 12 வோல்ட் படகு பேட்டரியை 5 வோல்ட்டாக மாற்றணும். உப்புத்தண்ணி படாம மூடணும். கருவி நின்னுபோனா உதவ, திசைகாட்டியும் கூடவே இருக்கணும்.

நம் ஆய்வகத்திலேயே ஒன்று செய்து பார்ப்போம். ஆசிரியர்களே, அனுமதிப்பீர்களா?